சித்திர சபையின் ஊரில் படக்கதைகள்

இலக்கிய நண்பர்கள் கூடும் இடத்தில் படக்கதை என்ற சொல்லை எடுத்தால் பேச்சு உடனே பள்ளிப்பருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. இரும்புக்கை மாயாவியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிப் புன்னகைத்துவிட்டு அடுத்த நாவலுக்குப் போய்விடுகிறார்கள். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் தமிழில் வந்துள்ள சில தொகுப்புகளைப் படித்தபின், இந்தப் புறக்கணிப்பு நியாயமானதல்ல என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

படத்தின் வழியே கதை அறிவது குற்றாலத்துக்குப் புதிதல்ல. நடராசரை ஓவியமாகவே வழிபடும் சித்திர சபை இங்கேதான் இருக்கிறது. அதன் சுவர்களில் புராணக் காட்சிகள் நிறைந்திருக்கின்றன. ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்குக் கண் நகரும்போது, இடையே நிகழ்ந்ததைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். படக்கதையின் இலக்கணமும் இதுதான்.

இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கப்பட்டன. பல்லாண்டுகள் துண்டு துண்டாக வந்த கதைகள் பின்னர் கனத்த தொகுப்புகளாயின. நினைவிழந்து கரையொதுங்கியவன் தன் பெயரைத் தேடி அலையும் ‘இரத்தப் படலம்’ 2010இல் பதினெட்டுப் பாகங்களுடன் ஒரே நூலாக வந்தது. 2015இல் வந்த ‘மின்னும் மரண’த்தில் பிரெஞ்சு ஓவியர் ஜான் ஜிரோ வரைந்த பாலைவனங்களும் களைத்த முகங்களும் பல பக்க வருணனை செய்யும் வேலையைச் செய்துவிடுகின்றன.

சாகசக் கதைகளில் நாட்டமில்லாதவர்கள் மர்ஜான் சத்ரபியின் தன்வரலாற்றிலிருந்து தொடங்கலாம். விடியல் பதிப்பகம் அதை ‘ஈரான்’ என்ற தலைப்பில் தமிழில் தந்தது. கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டுமே கொண்டு, புரட்சியையும் போரையும் ஒரு சிறுமியின் உயரத்திலிருந்து காட்டும் நூல் அது.

இவை அனைத்திலும் எங்களை அதிகம் பாதித்தது ‘பீமாயணம்’. பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைய, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதிய இந்நூல் 2011இல் ஆங்கிலத்தில் வந்தது. பின்னர் காலச்சுவடு வழியே தமிழுக்கும் வந்தது. இதில் கட்டம் போட்ட சட்டகங்கள் இல்லை. இதமான பேச்சு பறவை வடிவக் கூட்டுக்குள் வருகிறது. நஞ்சான சொல்லுக்குத் தேள்கொடுக்கு வால். ஊழியர் இல்லாத நாளில் ஊற்ற ஆளின்றிப் பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் அம்பேத்கர், 1927இல் மகாடு குளத்தில் நீருரிமை கேட்டுப் பேசுகிறார். அந்தக் காட்சியில் ஒலிபெருக்கிகளே கூட்டத்தின்மேல் நீர் தெளிக்கும் பூவாளிகளாகின்றன.

ஒரு சாரல் காலத்தில் மாணவர்களுடன் ஐந்தருவிக்குச் சென்றபோது இந்நூலை அவர்களிடையே சுற்றுக்கு விட்டோம். பூவாளிப் பக்கத்தில் ஒரு மாணவி வெகுநேரம் நின்றுவிட்டாள். பிறகு, “யாராவது வந்து ஊத்துற வரைக்கும் எங்க ஆச்சி கிணத்துப் பக்கத்துல குடத்தோட காத்துக் கெடப்பாளாம், ஐயா” என்றாள். எதிரே ஐந்து கிளையாக நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அருவி யார் தலை என்று பார்ப்பதில்லை; கிணறுகள் பார்த்திருக்கின்றன. மூன்றாண்டுகள் வகுப்பில் அதிகம் வாய் திறவாத அந்தப் பெண்ணை, நாங்கள் நடத்திய எந்தப் பாடமும் இப்படிப் பேச வைத்ததில்லை.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., பொருளுரையை ஒப்பித்தால் போதாது, கவிதையை அனுபவிக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். அந்த அனுபவம் படத்தின் வழியே வந்தால் மட்டும் இலக்கியம் ஆகாதா? இத்தொகுப்புகளில் பல குறைந்த பிரதிகளே அச்சாகி விரைவில் கிடைக்காமல் போய்விடுகின்றன. கல்லூரித் தமிழ்த்துறைகள் தம் நூலகங்களுக்கு ஒரு பிரதியேனும் வாங்கி வைக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். எங்கள் துறையில் இருக்கும் பீமாயணத்தின் அட்டை கிழிந்து, இரண்டு முறை ஒட்டியாகிவிட்டது.