சாம்பல் மூடிய தணல்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட பட்டறை அது. காலை ஆறரை மணிக்கே ஒரு டீசல் பிக்கப் வண்டி பானெட்டைத் திறந்தபடி நின்றிருந்தது. இரவெல்லாம் மலையில் கேரட் கழுவும் இடத்தில் காத்திருந்து, மூட்டை ஏற்றி, விடிவதற்குள் மண்டியில் இறக்கிவிட்டு நேரே இங்கே வந்திருந்தார் ஓட்டுநர். கண்கள் சிவந்திருந்தன.

“மேடு ஏறவே மாட்டேங்குதுங்கண்ணா. ரெண்டாவது கியர்லயே முக்குது. பின்னாடி வர்றவனுக்கு ரோடு தெரியல, அவ்வளவு கரும்புகை. அந்த ஈஜிஆரை அடைச்சு உட்ருங்க.”

இந்தச் சொல்லுக்காகத்தான் நான் இங்கே வந்திருந்தேன். பிக்கப் ஓட்டுபவர்களிடம் பேசும்போதெல்லாம் “அடைச்சு உட்டாச்சுங்க” என்பதைக் கேட்டிருக்கிறேன். எதை அடைக்கிறார்கள், யார் அடைக்கிறார்கள், அடைத்த பிறகு என்ன ஆகிறது என்று அருகில் இருந்து பார்க்க விரும்பினேன். ஐம்பதைத் தாண்டிய மேஸ்திரி ஒரு முக்காலியைக் காட்டி, “உக்காந்து பாருங்க சார். ஆனா வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்துட்டீங்களே” என்றார். ஓட்டுநரிடம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “மொதல்ல கழட்டிப் பாத்துரலாங்க” என்று ஸ்பேனரை எடுத்தார்.

பேட்டரி வயரைக் கழற்றினார். கூலன்ட்டை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வடித்தார். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயை விலக்கினார். ஈஜிஆர் எனப்படும் புகை மறுசுழற்சி வால்வைப் பிடித்திருந்த போல்ட்டுகள் கரியும் சூடும் சேர்ந்து இறுகிப் போயிருந்தன. அவசரப்பட்டால் தலை முறியும். துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து, தேநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஸ்பேனரைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து அசைத்தே நான்கையும் வெளியே எடுத்தார். வால்வு கையோடு வந்தபோது உள்ளே தெரிந்த வழியைப் பார்த்துத் திகைத்தேன். இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டிய துவாரம், ஒரு பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் அடிப்பிடித்த பால் சட்டியைப் போலக் கரி.

மேஸ்திரி அந்தக் கரியை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். “இதைப் படிக்கத் தெரியணுங்க. காஞ்சு பொடியா உதிர்ந்தா இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் பாக்கணும். இப்படிப் பிசுபிசுன்னு இருந்தா எங்கியோ ஆயில் சேருது. டர்போவைச் சோதிக்கணும். ஈரமா இருந்து கூலன்ட் வாசம் அடிச்சா கூலர் ஒழுகுது.” மருத்துவர் நாடி பிடிப்பதைப் போல, அவருடைய முதல் கருவி அந்த விரல்தான். ஸ்கேனரை அதற்கு அப்புறம்தான் எடுத்தார்.

இந்த ஈஜிஆர் செய்யும் வேலையை அவர் விளக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன். “எங்க அம்மா ராத்திரி அடுப்புத் தணலைச் சாம்பல் போட்டு மூடி வெப்பாங்க. நெருப்பு அணையாது, ஆனா கொழுந்து விட்டும் எரியாது. அதேதாங்க இது. எரிஞ்சு முடிஞ்ச காத்தைக் கொஞ்சமா திருப்பி இன்ஜினுக்குள்ள உடுறோம். அது மறுபடி எரியாது. அதனால நெருப்போட சூடு தணியும்.”

புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான். நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதனுடனும் சேராமல் சும்மா இருக்கும். டீசல் இன்ஜினுக்குள் சுடர் சுமார் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த நைட்ரஜனும் ஆக்சிஜனுடன் வேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிவிடும். வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் கூலர் வழியே குளிரவைத்துத் திருப்பி அனுப்பினால், உள்ளே ஆக்சிஜன் குறையும். புகையில் உள்ள கரியமில வாயுவும் நீராவியும் சூட்டை வாங்கிக்கொள்ளும். சுடரின் உச்ச வெப்பம் இறங்கும். எவ்வளவு திருப்பி விடுவது, எப்போது மூடுவது என்பதை வண்டியின் கணினி தீர்மானிக்கிறது. முழுச் சுமையோடு மேடு ஏறும்போது வால்வு பெரும்பாலும் மூடிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது திறக்கும்.

மேட்டுப்பாளையத்து வண்டிகளின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மலையேற்றம் அவற்றைக் கெடுப்பதில்லை. ஏறும்போது வரும் சூட்டில் கரி ஓரளவு எரிந்துகூடப் போகும். கேரட் கழுவும் இடத்தில் வரிசையில் நிற்கும்போதும், மண்டி வாசலில் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போதும்தான் கரி படிகிறது. இன்ஜினை அணைக்காமல் ஓட்டுநர் கண்ணயரும் ஒரு மணி நேரம், வால்வுக்கு ஒரு படலம். படலம் தடித்து வால்வு சரியாக மூடாமல் சிக்கிக்கொண்டால், மேட்டில் காற்று தேவைப்படும்போது புகையே உள்ளே போகும். காற்றில்லாத டீசல் கரும்புகையாக வெளியேறும். ஓட்டுநர் சொன்ன “முக்குது” அதுதான்.

சுத்தம் செய்யும் வேலை அரை நாளை விழுங்கியது. வால்வின் மோட்டார் பக்கம் நனையாதபடி தூக்கிப் பிடித்து, கரி பிடித்த பக்கத்தை மட்டும் திரவத்தில் ஊறவைத்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும் பையன் ஒருவன் மூங்கில் குச்சியால் சுரண்டினான். ஏன் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டவில்லை என்று கேட்டேன். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் மூடியது மூடாததாகிவிடும் என்றான். சுத்தம் செய்த வால்வை மூடிய நிலையில் நிறுத்தி, மேலே கொஞ்சம் டீசல் ஊற்றிப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. கூலரின் வாய்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போலத்தான். குமிழி வரவில்லை என்றதும் ஓட்டுநரின் முகம் தெளிந்தது. கூலர் போயிருந்தால் பல நாள் வாடகைப் பணம் அதிலேயே போயிருக்கும்.

அந்தப் பையனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் ஏறிய கரி சோப்புக்குப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. காற்றுக்குழாய் வைத்து ஊதினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கரி முழுக்கப் பட்டறைக் காற்றில் பறக்கும். அதனால் ஈரமாகவே சுரண்ட வேண்டும் என்பது மேஸ்திரியின் கண்டிப்பு. மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். கையுறை இல்லை. நல்ல கையுறையும் முகமூடியும் இந்தத் தொழிலில் ஸ்பேனர் பெட்டியோடு சேர்ந்து வர வேண்டியவை. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

அடைப்பது என்றால் இத்தனை பாடு கிடையாது. வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தகடு. முன்பு லேத் பட்டறையில் கேஸ்கெட்டை அச்சாக வைத்து வெட்டி வாங்குவார்களாம். இப்போது கேஸ்கெட்டோடு பொட்டலமாகவே கிடைக்கிறது. கணினி கண்டுபிடித்து விளக்கெரித்தால், அதன் நிரலையே மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள். அரை மணி நேர வேலை.

“நானே எத்தனை வண்டிக்குத் தகடு வெச்சிருப்பேன்னு கணக்கில்லைங்க” என்றார் மேஸ்திரி. குரலைத் தாழ்த்தவில்லை. “கம்பெனிக்காரன் தேவையில்லாம வெச்ச சாமான்னுதான் நெனச்சுட்டிருந்தேன். அடைச்சா புகை குறையும், புல்லிங் வரும், வண்டிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டுப் போவான். நாம நல்லதுதான் செய்யறோம்னு இருந்தேன். அப்புறம் ஒரு டிரெய்னிங்குக்குக் கூப்பிட்டாங்க. போர்டுல படம் போட்டுக் காட்டுனாங்க. இந்த வால்வு வண்டிக்கில்ல, ஊருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் இது எதுக்குன்னு யாரும் எனக்குச் சொன்னதில்லைங்க.”

கரும்புகையைக் கண் பார்த்துவிடும். நைட்ரஜன் ஆக்சைடுகள் வண்டியின் பின்னால் நிற்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. அவை மூச்சுக்குழாயை அரிக்கும், ஆஸ்துமாவைக் கிளறும், வெயிலில் மற்ற ஆவிகளோடு சேர்ந்து தரைமட்டத்து ஓசோனாகும். அந்த ஓசோன் பயிரையும் விடாது. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக டீசல் வண்டியை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மிதித்துச் செய்யும் சோதனையும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. ஈஜிஆரை அடைத்த வண்டி அதில் இன்னும் எளிதாகத் தேறும். “சர்டிபிகேட்ல பாஸ் ஆயிருங்க, காத்துல ஃபெயில்” என்றார் மேஸ்திரி.

வண்டிப் புகைக்கான விதிகளும் இறுகி வந்திருக்கின்றன: 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6. கனமான பிரிவில் வரும் இலகுரக டீசல் சரக்கு வண்டி ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்று விதித்த நைட்ரஜன் ஆக்சைடு அளவு இந்த மாற்றத்தில் 390 மில்லிகிராமிலிருந்து 125 ஆக இறங்கியது. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்கானது. ஒரு தகடு இந்த உழைப்பை எல்லாம் அந்த வண்டியின் மட்டில் அழித்துவிடும். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. அவை கூடுதலாக வெளியிட்ட, வெளியிடவிருக்கும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். அங்கே இதற்கான பொருள்களை விற்றவர்கள் மீதே வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். இங்கேயும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு காற்று மாசு விதிகளை மீறும் வண்டிக்குத் தண்டனை வைத்திருக்கிறது. ஆனால் தகட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை சாலையில் இல்லை. வைப்பதும் மறுப்பதும் மெக்கானிக்கின் கையில்தான் இருக்கிறது.

அடைக்காமல் சரிசெய்ய நினைப்பவருக்கு உதிரிப்பாகக் கடை அடுத்த சோதனை. மதியம் மேஸ்திரியோடு கேஸ்கெட் வாங்கப் போனேன். கம்பெனி அட்டைப்பெட்டியில் ஒன்று, பெயர் தெரியாத பெட்டியில் பாதி விலைக்கு இன்னொன்று. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், ஓரத்தை நகத்தால் வருடினார். மலிவானதில் துளைகளின் விளிம்பு பிசிறாக இருந்தது. “வெளியார் தயாரிப்பு எல்லாமே மட்டம்னு சொல்ல மாட்டேங்க. சிலது நல்லாவே உழைக்குது. ஆனா வால்வு வாங்கும்போது மட்டும் ஸ்கேனர் போட்டு, கணினி கேட்ட அளவுக்குத் திறக்குதான்னு பாக்காம மாட்ட மாட்டேன்.” போலி வால்வு மாட்டி நொந்துபோன வண்டிக்காரர்தான் அடுத்த முறை “அடைச்சு உட்ருங்க” என்கிறார் என்பது அவர் அனுபவம். நம்பத்தக்க பாகம் ஏழை ஓட்டுநருக்கு எட்டும் விலையில் கிடைப்பது, காற்றைக் காக்கும் வேலையில் பாதி என்று அந்தக் கடையில் நிற்கும்போது தோன்றியது.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, வால்வின் மூடிய நிலையை ஸ்கேனர் வழியே கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கல்லாறு வரை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரில் மேடு ஏறியது. திரும்பி வந்ததும் மேஸ்திரி ஓட்டுநரிடம் சொன்னார்: “வரிசையில நிக்கும்போது இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. வாரத்துக்கு ஒருக்கா லோடோட நல்லா இழுத்து ஓட்டுங்க. அடைக்காமயே ஓடும்.” ஓட்டுநர் அடைக்கிற பேச்சையே மறந்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஏறுகிற வண்டி. தகடு அவர் கேள்விப்பட்ட ஒரே வழி, அவ்வளவுதான்.

மறுநாள் காலை மேஸ்திரி வருவதற்கு முன்பே இன்னொரு பிக்கப் வந்து நின்றது. அதே புகை, அதே கோரிக்கை. பையன் கைக்குட்டையை மூக்கிலிருந்து கீழே இறக்கினான். “அண்ணா, உங்க வீட்டுல விறகடுப்பு இருந்துச்சுங்களா? ராத்திரி தணலை எப்படி மூடி வெப்பாங்க?” என்று தொடங்கினான். ஓட்டுநர் பானெட் மேல் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டு நின்றார்.