'எம்டன்' என்ற சொல் பிறந்த இடம்: சென்னையில் ஒரு மதில் சுவரும் ஜெர்மன் கேப்டனின் கதையும்

வீட்டில் கண்டிப்பான அப்பா இருந்தால், "எங்கப்பா சரியான எம்டன்" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருப்போம். காரியக்காரர், யாருக்கும் பிடிபடாதவர் என்ற பொருளிலும் இந்தச் சொல் வரும். அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், சென்னை உயர் நீதிமன்றத்தின் கிழக்குப் பக்க மதில் சுவருக்குப் போக வேண்டும்.

1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வீசிய குண்டு இங்கே விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு அந்தச் சுவரில் இருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள்.

அன்று இரவு ஒன்பதரை மணி வாக்கில், விளக்குகள் எரிந்துகொண்டிருந்த மெட்ராஸை நெருங்கியது எம்டன். சுமார் 130 குண்டுகள் பாய்ந்தன. துறைமுகம் அருகே இருந்த பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது, உயிர்கள் போயின. திரும்பவும் வந்துவிடுமோ என்ற பயத்தில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் ஏறினார்கள். எம்டன் அதற்குள் இருளில் மறைந்துவிட்டது.

யார் அந்த கேப்டன்?

கார்ல் ஃபான் முல்லர். 1873-ல் ஹனோவரில் பிறந்தவர். 1891-ல் ஜெர்மன் பேரரசின் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது பிடித்த மலேரியா கடைசிவரை அவரை விடவில்லை. அதிகம் பேசாத அவருக்கு 1913-ல் எம்டன் கிடைத்தது.

முதல் உலகப் போர் தொடங்கியதும், தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள்தான். நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை வைத்து, பிரிட்டிஷ் கப்பல்போலக் காட்டினார். 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார். பிடிபட்ட கப்பலில் இருந்தவர்களைப் பத்திரமாக இறக்கிய பிறகே கப்பலை மூழ்கடித்தார். இதற்காக எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

அக்டோபர் 28-ல் பினாங்கு துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல் ஒன்றைத் தாக்கி மூழ்கடித்தது எம்டன். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளில் அதன் ஓட்டம் முடிந்தது. ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் எம்டனைச் சல்லடையாக்கியது. கப்பல் மூழ்கினால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று, வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் அதை ஏற்றி நிறுத்தினார் முல்லர். அப்படியும் அவருடைய ஆட்களில் 130-க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

சிறையும் சுரங்கமும்

போர்க்கைதியாக மால்டாவிலும் பிறகு இங்கிலாந்திலும் இருந்தார். 1917-ல் சட்டன் போனிங்டன் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பினார், பிடிபட்டார். அந்த இடம் இன்று நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகம். 1918-ல் நாடு திரும்பியவர், ஓய்வு பெற்று பிரவுன்ஷ்வைக் மாநில சட்டமன்ற உறுப்பினரானார். 1923-ல், 49 வயதில் காலமானார்.

அவர் எழுதியிருந்தால் புத்தகம் நன்றாக விற்றிருக்கும். இறந்த தோழர்களின் ரத்தத்தை விற்றுக் காசு பார்ப்பதாகிவிடும் என்று, கடைசிவரை அவர் எழுதவில்லை.

எதிரியும் மதித்த மனிதர்தான். ஆனால், அவர் கட்டளையிட்ட அந்த இரவில் மெட்ராஸிலும் சில வீடுகளில் சாவு விழுந்தது. எம்டன் என்ற பெயர் நம் நாக்கில் தங்கிவிட்டது. அன்று இறந்தவர்களின் பெயர்கள் தங்கவில்லை.

உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பாரிமுனைப் பக்கம் போனால், பிள்ளைகளை அழைத்துப்போய் அந்தக் கல்வெட்டைக் காட்டுங்கள். அடுத்த முறை 'எம்டன்' என்று சொல்லும்போது, அந்த இரவும் அவர்களுக்கு நினைவு வரும்.