எழுதும்போதே படிக்கப்படுதல்

எழுத்து எப்போதும் ஓர் இடைவெளியை நம்பி வாழ்ந்திருக்கிறது. எழுதுபவர் ஒரு நேரத்தில் எழுதுகிறார். படிப்பவர் வேறொரு நேரத்தில் படிக்கிறார். அடித்தல், திருத்தல், கிழித்தெறிதல் யாவும் அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்துவிடும். படிப்பவர் கைக்கு வந்து சேர்வது தெளிந்த நீர் மட்டுமே. 2009ஆம் ஆண்டின் இறுதியில் ‘கூகுள் வேவ்’ என்னும் புதிய கருவியைத் திறந்து பார்த்தவர்களுக்கு முதலில் உறைத்தது அந்த இடைவெளி அங்கே இல்லை என்பதுதான்.

அவ்வாண்டு மே 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கூகுளின் மாநாட்டில் அது அறிமுகமானது. உருவாக்கியவர்கள் சிட்னியில் பணியாற்றிய லார்ஸ், யென்ஸ் ராஸ்முசன் சகோதரர்கள். பின்னர் கூகுள் மேப்ஸ் ஆக வளர்ந்த மென்பொருளின் தொடக்கத்திலும் இவ்விருவர் இருந்தனர். மின்னஞ்சலை இன்று புதிதாகக் கண்டுபிடிப்பதாக இருந்தால் அது எப்படி இருக்கும் என்பது அவர்களுடைய கேள்வி. மின்னஞ்சல் கடிதத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. ஆளுக்கொரு படி போய்ச் சேரும். வேவில் படிகள் இல்லை. ஓரிடத்தில் ஒரே ஆவணம். அதைச் சுற்றி எல்லாரும் நிற்கலாம், எல்லாரும் எழுதலாம். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அடுத்த கணமே மற்றவர் திரையில் தோன்றும். செப்டம்பர் 30 அன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு அழைப்பு வழங்கப்பட்டது. அழைப்புப் பெற்றவர் வேறு சிலரை அழைக்கலாம் என்பதால், பல்கலைக்கழக விடுதிகளில் அந்த அழைப்பு ஒரு சிறு செல்வம்போலக் கைமாறியது.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்ப் பிரிவுக்கும் அது அப்படித்தான் வந்தது. அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர், அவருடைய நெறியாளர், மைசூரில் பணியாற்றிய மற்றோர் ஆய்வாளர் ஆகிய மூவரும் நிகண்டுகளில் வரும் கடற்சொற்களைப் பற்றிக் கூட்டாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தனர். அதுவரை அவர்களுடைய கூட்டுழைப்பு கோப்புகளின் பெயர்களில்தான் தெரிந்தது: ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது’, ‘இதுதான் இறுதி’. ஒருவர் திருத்தியதை அறியாமல் இன்னொருவர் பழைய படியில் திருத்துவதும், எழுத்துரு மாறிப்போய் அடிக்குறிப்புகள் முழுவதும் கட்டங்களாக வந்து நிற்பதும் வாடிக்கை.

முதல் நாள் மாலை மூவருக்கும் திருவிழாவாக இருந்தது. மைசூரில் ஒருவர் ‘ஆழி’ என்று தட்டுவது இங்கே எழுத்தெழுத்தாய் விரிந்தது. அவரவர் பெயர் தாங்கிய வண்ணக் கர்சர்கள் வரிகளுக்கிடையே ஊர்ந்தன. ஒருவர் மேற்கோளைச் சரிபார்க்க, இன்னொருவர் அதன் கீழேயே விளக்கம் எழுத, ஒரு வாரத்து வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இரண்டாம் நாள் மாணவியால் எழுத முடியவில்லை. ஒலிபெயர்ப்பு முறையில் தமிழைத் தட்டும்போது முதலில் ‘க்’ தோன்றும். அடுத்த விசையில் புள்ளி மறைந்து ‘க’ ஆகும். அதற்கடுத்த விசையில் கால் முளைத்துக் ‘கா’ ஆகும். பின்னழிப்பு விசையைத் தொட்டால் காலோ கொம்போ முதலில் உதிரும், பிறகே மெய்யும் போகும். தனியே எழுதும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை. நெறியாளரின் கர்சர் இரண்டு வரி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு சொல்லும் அவர் எதிரில் எழும்பி, தடுமாறி, இடிந்து விழுவது போலிருந்தது. மாணவி நோட்பேடில் எழுதத் தொடங்கினார். பத்தி முழுவதையும் எழுதி, மும்முறை படித்து, பிறகே கொண்டுவந்து ஒட்டினார். நிகழ்நேரக் கருவிக்குள் பழைய இடைவெளியைத் தமக்கென மீண்டும் கட்டிக்கொண்டார் என்று சொல்லலாம். இந்தத் தேவையைக் கருவியைச் செய்தவர்களும் அறிந்திருந்தனர். மற்றவர் பார்க்காமல் எழுதுவதற்கான ‘டிராஃப்ட்’ கட்டம் ஒன்று திரையில் இருந்தது. முன்னோட்டப் பதிப்பில் அது இயங்கவில்லை.

இயங்கியது வேறொன்று, அது வியப்புக்குரியது. இருவர் ஒரே கணத்தில் ஒரே வரியில் கைவைத்தால் என்ன ஆகும்? ஒருவர் வரியின் தொடக்கத்தில் ஐந்து எழுத்துகளைச் சேர்க்கிறார். அதே நேரத்தில் இன்னொருவர் பத்தாம் எழுத்தை நீக்குகிறார். நீக்கும் கட்டளை போய்ச் சேரும்போது பத்தாம் எழுத்து பதினைந்தாம் இடத்துக்கு நகர்ந்திருக்கும். கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் தவறான எழுத்து போய்விடும். ஆகவே ஒவ்வொரு கட்டளையையும் அதற்கு முன் நடந்துவிட்ட மாற்றங்களுக்கேற்பத் திருத்தியே நிறைவேற்ற வேண்டும். 1989இல் எல்லிஸ், கிப்ஸ் ஆகிய இருவர் வெளியிட்ட இந்த வழிமுறையின் மீதுதான் வேவ் நின்றது. இரண்டு கைகளுக்கிடையே வரும் பூசலைக் கணிதம் தீர்த்துவைத்துவிட்டது. இரண்டு இருக்கைகளுக்கிடையே உள்ள உயரத்தை அதனால் தொட முடியவில்லை. ஆவணத்தில் நெறியாளரின் கர்சரும் மாணவியின் கர்சரும் ஒரே அளவுதான். ஆனால் ஒன்று இன்னொன்றின் ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டிய கர்சர்.

சில நாள்களுக்குப் பின் ஓரிரவு, மாணவி ஆவணத்தைத் திறந்தபோது நெறியாளர் முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார். ‘ஓதம்’ என்ற சொல்லிடம் வந்து நின்றிருந்தார். அது கடலையும் குறிக்கும், கடலின் பெருக்கத்தையும் குறிக்கும், ஈரத்தையும் குறிக்கும். எதிலிருந்து எது கிளைத்தது என்பதே சிக்கல். அவர் ஒரு வாக்கியம் எழுதினார், அழித்தார். மாற்றி எழுதினார், பாதியில் நிறுத்தினார். நெடுநேரம் கர்சர் அசையவில்லை. பிறகு முதலில் எழுதியதையே மீண்டும் எழுதி, அதையும் அழித்தார். மூன்றாண்டுகளாக அந்த மாணவி அவரை அச்சிட்ட வாக்கியங்களிலும் சிவப்பு மையிலும் மட்டுமே அறிந்திருந்தார். இரண்டிலும் தயக்கம் தெரிவதில்லை. அவருக்கும் ஒரு வாக்கியம் வராமல் போகும் என்பதை முதன்முறையாக அன்றுதான் கண்டார்.

மறுநாள் அவரே பேச்சைத் தொடங்கினார்: “ஏம்மா, நேத்து ராத்திரி பாத்துக்கிட்டுத்தான இருந்த? அந்த ஓதம் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. நீ எழுதிப் பாரேன்.”

“சரிங்க ஐயா” என்றதற்கு மேல் மாணவி ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை நோட்பேடைத் திறக்கவுமில்லை. புள்ளிகள் தோன்றி மறைய, கால்கள் முளைத்து உதிர, அந்தப் பத்தியை ஆவணத்திலேயே எழுதினார். நெறியாளரின் கர்சர் பத்துப் பத்தி தள்ளி, அடிக்குறிப்புகளுக்குள் போய் நின்றுகொண்டது. அப்படி விலகி நிற்கும் மரியாதையை எந்தக் கையேடும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

தமிழ்க் கல்வி மரபுக்கு இது முற்றிலும் புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை வாய்மொழியாக இயற்ற, மாணவர்கள் உடனிருந்து ஏட்டில் எழுதியதை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் பதிவுசெய்திருக்கிறார். பாடல் பிறக்கும் கணத்தில் மாணவர்கள் பக்கத்தில் இருந்தனர். அங்கே முதலில் பிறர் பார்வைக்கு ஆட்பட்டவர் ஆசிரியர். மாணவர் தம் செய்யுளைத் தனியே யாத்துக் கொண்டுவந்து காட்டலாம். நிகழ்நேரக் கருவிகள் இந்த வரிசையை எளிதில் தலைகீழாக்கிவிடுகின்றன. வரைவு எழுதுவது மாணவர் வேலை, பார்ப்பது பெரியவர் வேலை என்று பழகிய ஓர் ஆய்வுச் சூழலில், திறந்த பக்கம் வெகு விரைவில் கண்காணிப்புக் கோபுரம் ஆகிவிடும்.

வேவில் ‘பிளேபேக்’ என்றொரு வசதியும் இருந்தது. ஓர் ஆவணம் வளர்ந்த விதத்தைத் தொடக்கத்திலிருந்து படிப்படியாக ஓட்டிப் பார்க்கலாம். பாடபேதங்களோடு வாழ்நாளைக் கழிக்கும் தமிழ் ஆய்வாளருக்கு இது சொர்க்கம். ஒரு சங்கப் புலவரின் பாடலை அப்படி ஓட்டிப் பார்க்க முடிந்தால் எத்தனை பதிப்புச் சண்டைகள் தீர்ந்திருக்கும்! ஆனால் அந்தப் புலவர் அதற்கு இசைந்திருப்பாரா? யார் எந்த வரியை எழுதினார் என்று காட்டும் வரலாறு, உழைப்பு திருடப்பட்ட மாணவருக்கு நல்ல சான்று. அதே வரலாறு, ஒரு வாக்கியத்தோடு நான்கு நாள் போராடியவரைச் சோம்பேறி என்று காட்டவும் கூடும். அழித்த வரி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

வேவ் நீடிக்கவில்லை. 2010 மே மாதம் எல்லாருக்கும் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்குப் பயனர்கள் சேரவில்லை என்று கூறி ஆகஸ்ட் 4 அன்று அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. 2012 ஏப்ரலில் முழுவதும் மூடப்பட்டது. அந்த மூவரின் கட்டுரையும் கடைசியில் வேர்ட் கோப்பாக மாறி, மின்னஞ்சலில்தான் பதிப்பாசிரியருக்குப் போனது. ஆனால் எழுத்தெழுத்தாய்த் தெரியும் அந்த எழுத்துமுறை மறையவில்லை. 2010 ஏப்ரலிலேயே கூகுள் டாக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது. 2012இல் ‘ரைட்லாடெக்’ என்று தொடங்கிய ஓவர்லீஃப் இன்று எத்தனையோ அறிவியல் ஆய்வேடுகளின் எழுதுமேசை. புதிதாகச் சேரும் ஆய்வு மாணவருக்கு முதல் வாரத்திலேயே ஓர் ஆவணத்தின் இணைப்பு வந்துவிடுகிறது. வியப்போ அச்சமோ கொள்ள அவருக்கு நேரமில்லை. அவர் ஓசையில்லாமல் வேறொரு கோப்பில் எழுதி, கொண்டுவந்து ஒட்டுகிறார்.

அந்த ஒட்டலை ஒளிவு என்று கருதும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். அது வரைவுக்குரிய தனிமையைத் தேடிச் செல்லும் இயல்பான வழி. அதை அனுமதிப்பதில் எந்த ஆய்வுக்கும் இழப்பில்லை. திறந்த பக்கத்தில்தான் எழுத வேண்டுமென்று ஓர் ஆய்வுக்குழு முடிவெடுத்தால், யார் கர்சர் எப்போது விலகி நிற்கும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. அந்தப் பக்கத்தின் முதல் மோசமான வாக்கியத்தை எழுத வேண்டியவர், அங்கே இருப்பவர்களில் இழப்பதற்கு மிகக் குறைவாக உள்ளவர். பெரும்பாலும் அவர் நெறியாளர்தான்.