அப்பா கட்டிய டயர்

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருந்த எங்கள் காலனியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு சத்தம். ஒன்று சர்ச் மணி, இன்னொன்று ரேஸ் வண்டி. கிழக்குக் காற்றடித்தால் மணியை வண்டி அமுக்கிவிடும்.

சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்துவந்த கார்ப் பந்தயம், 1990இல் தனித்தடம் வந்தபின் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. நான் பார்த்தது 2000 வாக்கில், பத்து வயசு. ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற ரோடு. "எங்கியும் போவாத ரோட்டுக்கு இன்னாடா இவ்ளோ தாரு?" என்பாள் ஆயா. நியாயமான கேள்வி. எங்களுக்கான தார் ரோடு அப்போது ஊர்த்தெருவோடு நின்றிருந்தது.

பந்தயத்துக்கு முந்தின வாரம் அப்பா அங்கே கூலிக்குப் போவார். புல் வெட்டுவது, வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கிக் கட்டுவது. கூட்டிப்போகிற மேஸ்திரி ஊர்க்காரன், அப்பாவைவிட இருபது வயசு சின்னவன். 'டேய்' என்றுதான் கூப்பிடுவான். அப்பா திரும்பிப் பார்க்காமலே வேலையைச் செய்வார்.

ஞாயிறன்று தூரத்து மேட்டில் நிற்போம். வண்டி கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரியும். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும்போது எஞ்சின் ஒரு உறுமல் உறுமி அடங்கும்; அதை வைத்தே யார் சீக்கிரம் பிரேக் அடித்தான் என்று சொல்லப் பழகிவிட்டேன். ஃபார்முலா மாருதிதான் எனக்கு உயிர். மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்த ஒற்றை ஆள் வண்டி. கோவை கரிவரதன் உருவாக்கியது. அவர் 1995இலேயே இறந்துபோனார் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

ஒருநாள் அப்படியொரு வண்டி சுற்றிச் சுழன்று டயரில் போய் மோதியது. கூட்டம் கத்தியது. ஓட்டினவர் தானே இறங்கி நடந்தார். எல்லாரும் அவரைப் பார்க்க, அப்பா டயர் வரிசையைப் பார்த்தார். "நாங் கட்ன கட்டு" என்றார். அதற்குமுன் அவர் எந்த வேலையைப் பற்றியும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கூட்டங்களில் நண்பர்கள் கேட்கிறார்கள், பணக்காரன் விளையாட்டைப் பற்றி நமக்கென்ன தோழர் என்று. நம்மிடம் காயத்தை மட்டும் கேட்டு வாங்கிப் பழகிவிட்டார்கள். எனக்கு ரேஸ் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தபோது அப்பாவுக்குச் செல்போனில் காட்டினேன். விளக்கு வெளிச்சத்தையோ வண்டியையோ அவர் கவனிக்கவில்லை. ஓரத்து சிமெண்ட் தடுப்புகளையே பார்த்தார்.

"இட்ச்சா ஆளு இன்னாத்துக்கு ஆவான்?" என்றார்.