சரிவு நிலத்தில் ஒரு சுவர்

மன்னார்த் தீவு பெரும்பாலும் சமதரை. அங்கே வீடு கட்டுவோருக்கு மணலும் உப்புமே கவலை. பெருநிலக் கரையிலோ, அரிப்புக்குத் தெற்கே செம்மண் மேடுகள் கடலை நோக்கிச் சரிகின்றன. 1990இல் இக்கரையைவிட்டு இடம்பெயர்ந்து புத்தளத்திலே நெடுங்காலம் வாழ்ந்த நாம், 2009இல் போர் ஓய்ந்தபின் திரும்பி வந்தபோது எமக்கென எஞ்சியிருந்தது அத்தகைய சரிவு நிலம் ஒன்றே. கையிலிருந்த பணமோ அளவானது. மண்ணைத் தாங்கச் சுவர் எழுப்பினால் திண்ணை இல்லை என்றாயிற்று. எம் உம்மாவோ, திண்ணையில் அமர்ந்து கடற்காற்று வாங்கும் ஆசையோடு ஊர் திரும்பியவர்.

அரிப்பிலே அல்லிராணி கோட்டை என்று ஊரார் அழைக்கும் பாழடைந்த மாளிகையை நேயர்களிற் சிலர் கண்டிருக்கலாம். அல்லிராணியின் உறவு அதற்குக் கதையளவிலேதான். இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியான பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் தங்கும்பொருட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டுவித்த இல்லம் அது. அது நின்ற மேட்டைக் கடல் அடியிலிருந்து அரித்தமையால், கட்டடம் பகுதி பகுதியாகச் சரிந்தது. தேசாதிபதியின் வீட்டுக்கே அந்த நிலை எனின், எம் வீட்டுக்குக் கேட்பானேன்! கடலரிப்பை வீட்டுச் சுவர் தடுக்காது. ஆதலால் முதலில் விளிம்பைவிட்டு நன்றாகப் பின்வாங்கியே மனையைக் குறித்தோம்.

அடுத்து, எத்தகைய சுவர்? ஒற்றை வரிச் சீமெந்துக்கல் மலிவு; ஆனால் ஐந்தடி மண்ணின் பாரத்தை அது தாங்காது. கம்பியிட்ட கொங்கிரீற்று மெலிதாயினும் வலியது. எனினும் உப்புக் காற்றுப் புகுந்தால் கம்பி துருவேறிப் பருத்துக் கொங்கிரீற்றையே பிளந்துவிடும். தன் எடையாலே நிற்கும் கருங்கற் சுவரே எமக்கு ஏற்றதெனத் தோன்றிற்று. அடியில் மூன்றடி, உச்சியில் ஒன்றரை அடி அகலம். முகப்பு மண்ணை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கவேண்டும்.

“தம்பி, மண்ணைவிட மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும்” என்றார் முதிய மேசன் ஒருவர். அவர் சொற்படி சுவரின் பின்புறம் ஓரடி அகலத்துக்குச் சல்லிக்கல் நிரப்பி, ஐந்தடிக்கு ஒன்றாக நீர் வடியும் துளைகள் விட்டோம். கடல்மணலின் உப்பு கேடு விளைக்குமாதலால் சாந்துக்கு ஆற்றுமணலையே கொண்டோம்.

செலவைக் கணக்கிட்டு நாம் தயங்கியபோது உம்மாவே முடிவு சொன்னார்: “திண்ணையைப் பிறகும் கட்டலாம், மகன். போன மண்ணை யார் கொண்டுவருவது?”

அவ்வாண்டு வடகீழ்ப் பருவமழை கடுமையாகப் பெய்தது. துளைகள் முதலிற் செந்நீரையும், சில நாளிற் தெளிந்த நீரையும் உமிழ்ந்தன, சுவர் அசையவில்லை. சரிவில் வீடு கட்ட எண்ணும் குடும்பத்தார் அழகைப் பின்னர் பார்க்கட்டும். தண்ணீருக்கு முதலில் வழிவிடட்டும்.