கல்லைத் தேடி ஒரு நடை

மலர்க் குழுவினர் எம்மிடம் ஒப்படைத்த வேலை சிறியதே. கல்லூரியைச் சூழ்ந்த ஊர்களின் பழஞ்சின்னங்கள் பற்றி ஒரு கட்டுரை வரவேண்டும். அதற்கேற்ற நிழற்படங்கள் ஐந்தாறு தேடித் தருக என்றனர். தமிழாசிரியன் என்றால் பழையன யாவும் அவன் பொறுப்பு என்பது நம்மவர் கொள்கை. யாமும் இசைந்தோம். இரண்டு மாலைப்பொழுதில் முடியும் வேலை என்றே எண்ணினோம்.

முடியவில்லை. கல்லூரி நூலகத்திற் பரிசளிப்பு விழாப் படங்கள் கிடைத்தன. துடுப்பாட்ட அணிகளின் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. ஊரின் படம் ஒன்றேனும் இல்லை. இணையத்தில் தேடியபோது நல்லூர்ச் சங்கிலித்தோப்பு வாயிலின் அழகிய படமொன்று அகப்பட்டது. அதன் குறுக்கே ஏதோ தூரதேசத்து நிறுவனத்தின் பெயர் வெண்ணிறத்தில் எழுதப்பட்டிருந்தது. மலரில் அச்சிடுவதாயின் டொலரிற் பணம் செலுத்தல் வேண்டுமாம். நாள்தோறும் துவிச்சக்கர வண்டியிற் கடந்து செல்லும் வாயிலின் உருவத்துக்கு நாம் விலை கொடுக்கவேண்டிய நிலை. எடுத்தவரைக் குறை கூறோம். அவர் வந்து எடுத்தார். இங்கேயே இருந்த நாம் எடுக்கவில்லை.

இதனைக் கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவருக்கு எழுதினோம். "தேடித் திரியாதேயுங்கோ சேர். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டுபோய் நீங்களே எடுங்கோ. எடுத்துப்போட்டு எல்லாருக்கும் பொதுவா விட்டுவிடுங்கோ" என்று மறுமொழி வந்தது. எடுத்தல் பற்றி எமக்கு ஐயமில்லை. விட்டுவிடுதல் என்பதே புரியவில்லை. அவரே பின்னர் விளக்கினார்.

விக்கிமீடியா பொதுவகம் என்றொரு படக்களஞ்சியம் 2004 ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இயங்கிவருகின்றது. தமிழ் விக்கிப்பீடியா முதலிய கலைக்களஞ்சியங்கள் தமக்கு வேண்டும் படங்களைப் பெரும்பாலும் அங்கிருந்தே பெறுகின்றன. (2003 ஆம் ஆண்டு தொடங்கிய அத்தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கட்டியெழுப்பியோருள் முன்னிற்பவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் என்பதை மாணவர் அறிதல் நன்று.) ஊர்ச்சின்னங்களைக் கூட்டமாகச் சென்று படமெடுத்து இக்களஞ்சியத்தில் இடும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. நினைவுச்சின்னங்களுக்கென்றே ஒரு படப்போட்டி 2010 ஆம் ஆண்டு நெதர்லாந்தில் தோன்றிப் பிறநாடுகளுக்கும் பரவியது. 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரிடமிருந்து நமக்குப் பயன்பட்டவற்றுள் இதனையும் சேர்க்கலாம்.

களஞ்சியத்தில் இடும் படத்துக்கு ஓர் உரிமம் வேண்டும். படம் எடுத்தவரே உரிமையாளர். ஆயினும் அவர், இதனை எவரும் எடுத்தாளலாம், அச்சிடலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என முன்கூட்டியே இசைவு அளித்துவிடுகின்றார். யாம் தெரிந்துகொண்ட உரிமத்தில் அவர் விதிப்பன இரண்டே: என் பெயரைக் கூறுக, மாற்றி வெளியிடின் நீயும் இதே இசைவுடன் வெளியிடுக. அளித்த இசைவைப் பின்னர் மீளப்பெறல் இயலாது. மாணவர்க்கு இதனை விளக்கப் பலவாறு முயன்று ஈற்றில் ஊர்க் கேணியைக் காட்டினோம். கேணி வெட்டியவன் தன் பெயரைக் கல்லிற் பொறித்தான். நீரை எவரும் அள்ளலாம். அள்ளிய நீரில் மோர் கரைத்து விற்கலாம். கேணியைச் சுற்றி வேலி அடைத்தல் மட்டும் ஆகாது. வேலி அடைப்பதில் நம்மவர்க்குள்ள ஆற்றலை நீதிமன்றங்கள் நன்கறியும். ஆதலால் உவமை உடனே விளங்கிற்று.

பெரியோரிடத்து அத்துணை எளிதாயில்லை. பழைய மாணவர் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தபோது ஒருவர் எழுந்து, "பிள்ளையளின்ரை உழைப்பை ஆரோ விக்கிறதுக்கோ?" என்றார். இன்னொருவர், படங்களைக் கல்லூரிக் கணினியிற் பூட்டி வைத்து வேண்டுவோர்க்கு வேண்டியபோது கொடுக்கலாமே என்றார். இரண்டும் பொருளற்ற கேள்விகள் அல்ல. முன்னதற்கு அன்று எம்மிடம் விடையில்லை. பின்னதற்கு இருந்தது, அதைக் கூறினோம்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டுத் தென்மராட்சி நோக்கிச் சென்றபோது எமக்கு வயது பதினான்கு. அரிசியும் பாயும் சட்டிபானையும் எடுத்தோம். படத்தொகுதி அலுமாரியில் இருந்தது. நாலு நாளில் திரும்பிவிடுவோம், அது இங்கேயே கிடக்கட்டும் என்றார் தந்தையார். மறு ஆண்டு திரும்பியபோது அலுமாரியும் இல்லை, அலுமாரி நின்ற அறைக்குக் கூரையும் இல்லை. பாட்டனார் முகம் அத்துடன் போயிற்றென்றே இருந்தோம். பல்லாண்டுகளின் பின் திருகோணமலையில் வாழ்ந்த தந்தையாரின் தமக்கையார் வீட்டில், சாமியறைச் சுவரில், தலைப்பாகையுடன் பாட்டனார் வீற்றிருக்கக் கண்டோம். அப்படத்தின் ஒரு பிரதியைத் தந்தையார் முன்னொருகால் அங்கு கொடுத்திருந்தார், கொடுத்ததையும் மறந்துவிட்டார். பூட்டி வைத்த படம் போயிற்று. கொடுத்த படம் இருந்தது.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை அக்கூட்டத்தில் எவர்க்கும் நினைவூட்டவேண்டியிருக்கவில்லை. வேறு பிரதியுள்ள அச்சுநூல்களைப் பின்னர் மீளச் சேர்க்க முடிந்தது. பிரதியற்ற ஏடுகளை எங்கே போய்ச் சேர்ப்பது? கூட்டம் இசைந்தது. முதற் கேள்வி கேட்டவர் மட்டும் இசையவில்லை. எனினும் மாணவர்க்குச் சோடாவும் வடையும் தம் செலவு என்றார். இவ்வூரில் எதிர்ப்பு இவ்வண்ணமும் அமைவதுண்டு.

2023 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடை நிகழ்ந்தது. பெற்றோரிடம் எழுத்தில் இசைவு பெற்றோம். உரிமம் மீளப்பெற இயலாததாகையால் அதனையும் அக்கடிதத்தில் விளங்க எழுதினோம். பள்ளிக்குக் கைப்பேசி கொணர்தல் விலக்கு. அன்று தந்தையர் கைப்பேசிகளே துணைவந்தன. மெய்யான கமரா இரண்டு பழைய மாணவர் கழுத்தில் மட்டுமே தொங்கின. ஆள்களைக் கேளாமற் படமெடுத்தலாகாது, கோவிலுக்குட் கமரா செல்லாது என்று இரண்டு கட்டளைகள் இட்டோம்.

மூன்றாவது கட்டளை வழியிற் பிறந்தது. முத்திரைச் சந்தியிற் குதிரைமீது வீற்றிருக்கும் சங்கிலி மன்னனைக் கண்டதும் மாணவர் ஓடினர். தடுத்தோம். அரசன் பழையவன், சிலை புதியது என்றோம். நம் காலத்துச் சிற்பியின் ஆக்கத்தில் அச்சிற்பிக்கு உரிமை உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவ்வுரிமை ஆக்கியோன் மறைந்து 70 ஆண்டு வரை நிற்கும். பிறர் சொத்தை நாம் தானஞ் செய்தல் எங்ஙனம்? மாணவர் முகம் வாடிற்று. தமக்கென எடுத்து வைத்துக்கொள்ளலாம், பொதுவகத்தில் இடவேண்டா என்ற பின்னரே தெளிந்தது.

சங்கிலித்தோப்பு வாயில், மந்திரிமனை, பகரவடிவில் அமைந்த யமுனாஏரி என எல்லோரும் அறிந்த இடங்களில் ஒரு மணிநேரம் சென்றது. அவற்றுக்குப் படம் எடுப்போர் இனியும் வருவர். எம் நோக்கம் பிறிது. சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், மடம், நீர்த்தொட்டி, கேணி என நடந்து திரிந்த காலத்து வீதியோரத்தில் எம்மூரவர் அமைத்து வைத்தவற்றை ஒருவரும் படமெடுப்பதில்லை. பருத்தித்துறை வீதியை விட்டு இருபாலைப் பக்கமாக ஓர் ஒழுங்கையில் இறங்கினோம். முடக்கில், பூவரசின் கீழ், ஒரு சுமைதாங்கி நின்றது. நட்ட இரு கல்லின்மேற் கிடத்திய ஒரு கல். சுண்ணச்சாந்து உதிர்ந்து, அதன்மேல் எவரோ ஈரச் சாக்கு உலர்த்தியிருந்தனர்.

சாக்கை எடுக்கலாமோ என்று மாணவர் தயங்கி நிற்கையில் படலையைத் திறந்துகொண்டு ஓர் ஆச்சி வந்தார்.

"என்ன தம்பியவை, றோட்டு அளக்க வந்தனீங்களோ?"

"இல்லை ஆச்சி, படம் எடுக்க வந்தனாங்கள்."

"உந்தக் கல்லையோ?"

சிறிது நேரம் எம்மையே பார்த்து நின்றார். பின் சாக்கைத் தாமே எடுத்தார். தம் தாயாரின் தமக்கை தலைப்பிள்ளையை வயிற்றிற் சுமந்தபடியே மாண்டவர் என்றும், இறக்காத சுமையோடு போனவளுக்காக வீட்டார் நாட்டிய கல் அது என்றும் கூறினார். சுமைதாங்கி அங்ஙனம் நாட்டப்படும் வழக்கத்தை யாம் வகுப்பிற் பலமுறை கூறியிருக்கின்றோம். அன்றுதான் ஒரு கல்லுக்கு உரியவள் யாரெனக் கேட்டோம். மாணவரிற் சிலர் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டனர். அப்பெண்ணின் பெயரையும் ஆச்சி கூறினார். படக்குறிப்பில் அதனை எழுதலாமோ என வினாவினோம்.

"பேரை எழுதாதேயுங்கோ. ஊரை எழுதுங்கோ" என்றார். பின், "எனக்கும் ஒண்டு தருவியளோ?" என்றார்.

படமெடுத்தது ஒரு காலைப்பொழுது. குறிப்பு எழுதியதோ மூன்று வாரம். கமரா தானே இட்ட எண்ணைப் பெயராகக் கொண்ட படம் களஞ்சியத்துக்கு ஆகாது. பொருளுணர்த்தும் பெயர், இடம், நாள், பொருள்விளக்கம் யாவும் வேண்டும். "பழைமை வாய்ந்த அழகிய கல்" என்று ஒரு மாணவன் எழுதி வந்தான். அழகைப் படம் காட்டும், நீ படம் காட்டாததை எழுது என்று திருப்பினோம். எவ்வூர், எவ்வொழுங்கை, எந்தப் பக்கம், எத்தனை அடி, எக்கல், யார் சொன்னது என்று கேட்கக் கேட்கக் குறிப்பு வளர்ந்தது. அழகும் பழைமையும் தாமே கழன்றன. மந்திரிமனைக்கு மற்றொருவன் "சங்கிலி மன்னனின் மந்திரி வாழ்ந்த இல்லம்" என எழுதினான். இன்று நிற்கும் கட்டடத்தில் ஐரோப்பியக் கட்டட முறையின் சாயல் தெளிவாயிருக்க, 1619 இல் வீழ்ந்த அரசின் மந்திரியை அதனுள் குடியேற்றல் தகுமோ? "என மக்கள் வழங்குவர்" என்று சேர்க்கச் செய்தோம். தொல்காப்பியரே "என்ப" என்று கூறித் தப்பிக்கொள்கின்றார், உனக்கென்ன குறை என்றோம். கட்டுரைப் பாடத்தில் யாம் ஆண்டுக்கணக்காகக் கற்பிக்க முயன்று கைகூடாதது சில அவ்விருபது வரிகளிற் கைகூடின.

மலர்க் குழுவினர் கேட்ட படங்கள் அன்றே தேறின. அவையும் பிறவும் பெயர் பெற்றுப் பொதுவகம் புகுந்தன.

2024 ஆம் ஆண்டு தைமாதம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாட்காட்டியுடன் வந்தான். சங்கிலித்தோப்பு வாயிலை அவன் காலை வெயிலில் எடுத்த படம், ஒரு வணிகநிலையத்தின் நாட்காட்டியில் முழுப்பக்கத்திற் பொலிந்தது. கீழே அந்நிலையத்தின் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை.

"சேர், வழக்குப் போடலாமோ?"

அச்சிட்டதும் விற்றதும் குற்றமன்று, நீ இசைந்ததே. பெயரை விட்டதே பிழை என்றோம். கடிதம் எழுதினோம். வருந்துகின்றோம், அடுத்த ஆண்டு சேர்ப்போம் என்று மறுமொழி வந்தது. 2025 ஆம் ஆண்டு நாட்காட்டியிற் பெயர் வந்தது, உருப்பெருக்கி கொண்டு படிக்கத்தக்க எழுத்தில். அவன் தந்தை கூலித்தொழிலாளி. "சேர், எங்களுக்கு அதிலை ஒண்டும் இல்லையோ?" என்று அவர் ஒருநாள் அமைதியாகவே கேட்டார். கேணி உவமை அவரிடம் எம் நாவில் எழவில்லை. இல்லை என்றோம். இவ்விடயம் இன்றும் எமக்கு உறுத்தலே. கூட்டத்தில் முதற் கேள்வி கேட்ட பெரியவர் இதனை அறிந்தும் ஒன்றும் சொல்லாமல் விட்டார். அது அவர் பெருந்தன்மை. அடுத்த நடைக்கு அம்மாணவன் வாரான் என்றே நினைத்தோம். வந்தான். எடுத்தவற்றுள் ஒன்றைத் தனியே வைத்து, "இது பொதுவுக்கு இல்லைச் சேர், இதை நான் விக்கப்போறன்" என்றான். நன்று என்றோம். உரிமம் எப்படத்துக்கு என்று தெரிந்து கொடுப்பதும் கொடையின் ஒரு பகுதிதானே.

ஆச்சிக்குக் கடதாசிப் பிரதி ஒன்று சட்டமிட்டுக் கொடுத்தோம். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். 2024 ஆம் ஆண்டு ஆடியில் அம்முடக்கை அகலித்தனர். யாம் செய்தியறிந்து சென்றபோது பூவரசு இல்லை, கல்லும் இல்லை. இடித்த மதகின் கற்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள் என்றார் ஆச்சி. எங்கே கொட்டினார்கள் என்று இரண்டு நாள் தேடினோம், கிடைக்கவில்லை. பொதுவகத்தில் ஐந்து படங்கள் உள்ளன. ஒன்றில் கல்லின் மேல் ஈரச் சாக்கு இன்னும் கிடக்கின்றது.

அடுத்த நடை பங்குனியில், வடமராட்சிப் பக்கமாக. பருத்தித்துறைத் தெருமூடிமடத்தில் தொடங்குதல் எண்ணம். கமரா இல்லாத பழைய மாணவரும் வருக. அவ்வூர்க் கேணிகளும் ஆவுரஞ்சிக்கற்களும் எந்தப் பற்றைக்குள் நிற்கின்றன என்று காட்டுவதற்கு எமக்கு ஆள் வேண்டும்.