அந்த ‘இல்லை’

கம்பம்,
ஞாயிறு இரவு

அன்புத் தங்கச்சி,

போனில் சொன்னால் உன் மச்சான் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

திராட்சைக் கவாத்து முடிந்தது. போன வருஷம் கத்தரியும் கையுமாகப் பந்தலுக்கடியில் நின்ற பிள்ளை, இந்தத் தடவை கட்டிலை விட்டே எழவில்லை. காது கேட்காதவனுக்கு வருகிற கோபம்தான் என்றார்கள். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எள் விளக்கும் போட்டாயிற்று.

பிறகு ஒரு மனநல டாக்டரிடம் போனோம். பொறுமையான மனுஷன். ஆனால் கேள்வியெல்லாம் என் வழியாகத்தான். அவன் ஹாஸ்டலில் கற்ற சைகை வேறு, நம் வீட்டுச் சைகை வேறு. வீட்டில் சோறு, தண்ணி, தோட்டம், காசுக்குச் சைகை உண்டு, மனசுக்கு ஏது? ‘சாகத் தோணுதா, கேளுங்கம்மா’ என்றார். எனக்குக் கை எழவில்லையடி. ‘தூக்கம் வருதா’ என்று கேட்டுவிட்டேன். இல்லை என்று தலையாட்டினான். டாக்டரும் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து பூச்சிமருந்தையெல்லாம் மோட்டார் ரூமில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன்.

14416 மனநல உதவி எண்ணில் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம் என்றார்கள். பேசினேன், நன்றாகத்தான் கேட்டார்கள். ஆனால் பேசியது நான். 2017 மனநலச் சட்டப்படி அரசுச் சிகிச்சை எல்லாருக்கும் உரிமையாம், ஊனத்தைக் காட்டி ஒதுக்கக் கூடாதாம், நோயாளி சொன்னது வெளியே போகக் கூடாதாம். மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்காரர் ஒருவர் சொன்னார். பெற்றவளே நடுவில் உட்கார்ந்திருந்தால் பிள்ளை எதைச் சொல்வான்? அவன் மனத்தாங்கலே என்மேல்தானோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போகிறேன். நீ காதுகேளாதோர் பள்ளி டீச்சர், நீயே வா என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். யோசித்தால் நீயும் சித்திதானே, உன்னிடமும் மறைப்பான். உன்கூட வேலை பார்க்கிறவர்களில், நம் ஊருக்கும் சாதிசனத்துக்கும் சம்பந்தமில்லாத வாத்தியார் ஒருவரை அனுப்பி வை. பஸ் செலவும் ஒருநாள் சம்பளமும் தருகிறேன். காலை எட்டு மணிக்குத் தேனி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். இதைப் பார்த்ததும் பதில் சொல்.

பிள்ளையும் வாத்தியாரும் உள்ளே போனதும் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். பழைய டாக்டர் சீட்டை மட்டும் வாத்தியார் கையில் கொடுத்துவிட வேண்டும். அதிலுள்ள ‘இல்லை’ பிள்ளை சொன்னதல்ல என்று டாக்டரிடம் சொல்லச் சொல்.

உன் அக்கா